தொண்ணூற்றாறு கிலோ

ஏற்காட்டில், ஒரு காலத்தில் காபிக்கொட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த குடோனில், சைக்கிளின் முன்னங்காலுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருத்தி இருந்தாள். பெயர் ரெஜினா. வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் பழகிய சீடருக்கு ஐம்பத்திரண்டு. பெயர் குழந்தைவேலு. பெயரில் மட்டும்தான் குழந்தை. இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் பட்டை ஸ்பிரிங் மாற்றிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் வந்து சேர்ந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளில், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறதே, அதற்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே காற்று அடைத்திருக்கும். சக்கரம் கல்லில் மோதினால் அமுங்கும், தாண்டினதும் நிமிரும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. குறைவாக அடைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் அடிவரை போய் முட்டும், ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். சொல்லப்போனால் இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கேட்லாக்.

செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தைவேலு கேட்டார்.

"மாஸ்டர், கனத்த ஆளுக்கு எந்த ஃபோர்க் சரி?"

அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. ரெஜினா வைஸ் இடுக்கியில் மாட்டியிருந்த குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தராசைத் தொடைங்கண்ணே."

அவளிடம் பதில் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், ஃபோர்க் மெத்தென்று இருக்க வேண்டுமா, விறைப்பாக இருக்க வேண்டுமா என்று கேட்டார். அவள் எட்டு கிளாஸில் டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றி, தட்டோடு அவர் கையில் கொடுத்து, குடோன் படியில் ஏறி வரச் சொன்னாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஒரு ஃபோர்க் வாங்கிப் போனார்.

குழந்தைவேலு துணியை எடுத்துக்கொண்டு தராசிடம் போனார். காபி மூட்டை நிறுத்த பழைய மேடைத் தராசு. மேலே வட்ட முகம், அதில் ஒரு முள். குடோன் கைமாறியபோது யாரும் அதைத் தூக்கிப் போகவில்லை. அதற்கு மேலே ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் அவர் கையெழுத்தில் 'சம்பந்தம் – 96' என்று இருந்தது. நாலு மாசமாக இருக்கிறது. ஒருநாள் அதை அழிக்கப் போனார். "அது இருக்கட்டும்" என்றாள் ரெஜினா. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

"சம்பந்தம் இன்னைக்கு வர்றாராம்" என்றாள் அவள்.

குழந்தைவேலுவின் கையில் துணி நின்றது.

"எதுக்கு மாஸ்டர்?"

"சைக்கிள யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லணுமாம்."

நடந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு மேலே வருவார்கள். புதிதாக யாராவது வந்தால் தராசில் ஏற்றுவார்கள். முள் நிற்பதற்குள் மற்றவர்கள் எடையைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு அன்றைய முதல் டீ. அறுபத்தைந்தும் எழுபதும் உள்ளவர்களுக்கு இது நல்ல விளையாட்டு. ஒவ்வொரு வாரமும் சிரித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சம்பந்தம் வந்த அன்று அவர் வாசலில் காலை வைத்ததுமே ஒருவன் சொன்னான், "தராசுக்கு இன்னைக்குத்தாண்டா வேலை வந்திருக்கு." குடோனே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் சம்பந்தம்தான். சின்ன வயதிலிருந்தே அப்படிச் சிரித்துப் பழகியவர் என்பது கேட்டவுடன் தெரிந்தது.

"தராசை எதுக்குங்க சிரமப்படுத்தணும்? தொண்ணூத்தாறுங்க. போன வாரந்தான் பார்த்தன்."

அவருக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு செய்வது. செவ்வாய்ப்பேட்டையில் காலையில் பலகையில் உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் எழுந்திருப்பார். டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். அவர் விளையாட்டாக ஆரம்பித்து, பிறகு அதன் மேல் பைத்தியமாகிவிட்டார். ஒரு குன்றிமணி வெள்ளி குறைந்தாலும் உள்ளங்கையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொல்வார். அந்த மனுஷன்தான் தன் எடையில் ஒரு மூட்டையை மறைத்தார்.

குழந்தைவேலுவுக்கு அது அப்போதே தெரியும். பஸ்ஸின் பின்பக்கம் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்கிற கண் அவருடையது. நூற்றிருபதுக்குக் குறையாது என்று கண் சொன்னது. கை சிலேட்டில் தொண்ணூற்றாறு என்று எழுதியது. தொண்ணூற்றாறுக்கு உண்டான காற்றை அடைத்தார்.

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. ஃபோர்க் குழாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்து இறங்கினால், எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். கால் பங்கு அமுங்கலாம். சம்பந்தம் உட்கார்ந்து இறங்கினார். வளையம் கிட்டத்தட்டப் பாதிக்கு ஏறி நின்றது.

குழந்தைவேலு அதைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களையும் பார்த்தார். இன்னும் காற்று அடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். மறுபடியும் தராசைக் காட்டுவார்கள். மறுபடியும் சிரிப்பார்கள். சம்பந்தம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, அதில் பயந்த இரண்டு கண்கள். பாவமாக இருந்தது. குழந்தைவேலு கட்டைவிரலால் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, "சரியா இருக்குங்க" என்றார்.

ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அரை மணி நேரம் திருப்தியாகவே இருந்தார்.

மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால் மூன்றாவது வளைவில் ஒரு கல்படி இருக்கிறது. அங்கே ஃபோர்க் அடிவரை போய் முட்டியது. சம்பந்தத்தின் தோள்பட்டை விலகியது. அது திரும்பச் சேர்ந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. குறடு பிடிக்கிற விரல்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவருக்கு எதுக்கு மலையும் சைக்கிளும் என்றார்கள். கூட ஓட்டினவர்கள் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர்கூடச் சொன்னார். குழந்தைவேலு மட்டும் சொல்லவில்லை. அவர் வேறு எதையும் சொல்லவில்லை.

பதினொன்றரை மணிக்குச் சம்பந்தம் வந்தார். குழந்தைவேலுவுக்கு முதலில் ஆளே தெரியவில்லை. கன்னம் வற்றி, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"சவுக்கியமுங்களா மாஸ்டரம்மா? அண்ணா, நல்லா இருக்கறீங்களா?"

"வாங்க. டீ குடிக்கிறீங்களா?" என்றாள் ரெஜினா.

"வேண்டாமுங்க. ஒரு வேளைதான் சாப்புடறன் இப்பெல்லாம்."

அவர் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே நேராகத் தராசுக்குப் போய் ஏறி நின்றார். முள் ஆடி நின்றது. நூற்றொன்று.

"அன்னைக்கு நூத்தி இருபத்தாறுங்க" என்றார், முள்ளைப் பார்த்தபடி. "வீட்ல பார்த்துட்டுத்தான் வந்தன். வந்து பொய் சொன்னன்."

சம்பந்தம் அண்ணாந்து சிலேட்டைப் பார்த்தார்.

"இன்னும் அழிக்கலீங்களா? அதுவும் நல்லதுதான். நாலு மாசமா எனக்குத் தூக்கமில்லீங்க. விரல் போனதுக்கு இல்ல. என்னால உங்க கடைக்குக் கெட்ட பேரு. இந்த அண்ணா எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சாரு. நான் சொன்ன எடைக்குத்தானே அவரு காத்து அடைக்க முடியும்?"

தராசிலிருந்து இறங்கி குழந்தைவேலுவின் எதிரில் வந்து நின்றார். வலது கையை எடுத்து இடது கையோடு சேர்த்தார். மூன்று விரல்கள் விறைப்பாகத் தனியே நின்றன.

"என்னைய மன்னிச்சுடுங்கண்ணா."

இதைத்தான் சொல்கிறேன், சில நேரம் சாமிக்கும் இரக்கம் வந்துவிடுகிறது. வாயைத் திறந்தால் போதும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. குழந்தைவேலுவும் வாயைத் திறந்தார். வளையம், கட்டைவிரல், எல்லாம் தொண்டை வரை வந்தன. ரெஜினா கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பரவால்லீங்க" என்றார் குழந்தைவேலு.

சம்பந்தத்தின் தோள் இறங்கியது. கண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறன், தப்பா நினைக்கக் கூடாது. நெசமான எடையைச் சொல்லியிருந்தா, எனக்குத் தாங்கற ஃபோர்க்குன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

ரெஜினா ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தாள். அது அவளிடம் கேட்ட கேள்வி இல்லை.

குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்லாக்கை ஒப்பித்தார். குழாய் இன்னும் தடியாக இருக்க வேண்டும், மெலிந்த குழாய் வளைவில் முறுக்கிக்கொள்ளும். அச்சுக் கம்பியும் தடித்தது வேண்டும். காற்றுக்குப் பதிலாகக் கம்பிச் சுருள் வைத்த ஃபோர்க்கும் உண்டு, அதிலும் விறைப்பான சுருளாகப் பார்க்க வேண்டும். சொல்லச் சொல்ல அவர் குரல் தெளிந்துகொண்டே வந்தது. சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"அப்ப இது என் உடம்புக்கு இல்ல" என்றார் சம்பந்தம்.

"இல்லீங்க."

"அதான பார்த்தன்."

சுவரில் சாய்த்திருந்த சைக்கிளிடம் போய், மடங்குகிற இரண்டு விரல்களால் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "எடை கம்மியான ஆளாப் பார்த்துக் குடுங்க" என்றார். பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு மெல்லப் படியிறங்கினார்.

அவர் தலை மறைகிற வரை குழந்தைவேலு வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க மாஸ்டர். கனத்த ஆளுக்கு எந்த ஃபோர்க்?"

ரெஜினா மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் போட்டிருந்த மணல் மூட்டையைக் காட்டினாள்.

"அதத் தோள்ல வச்சுக்கிட்டு தராசுல ஏறுங்க."

"எதுக்கு?"

"ஏறுங்கண்ணே."

தூக்கி ஏறினார். முள் நூற்று நாற்பதைத் தாண்டியது. அவள் மூட்டையின் வாயை அவிழ்த்து, கை கையாக மணலை அள்ளிக் கீழே போட்டாள். அவசரப்படவில்லை. குழந்தைவேலு இரண்டு கையாலும் மூட்டையை இறுக்கிப் பிடித்தார். பஸ் டிப்போவில் இதைவிடக் கனத்ததைத் தூக்கியிருக்கிறார்தான், ஆனால் தூக்கிக்கொண்டு நின்றதில்லை. முள் நூற்றிருபத்தாறில் நின்றது.

"அப்படியே இருங்க."

அவள் சம்பந்தத்தின் சைக்கிளை உருட்டி வந்தாள். ஃபோர்க்கின் கீழ்ப்பக்கம் ஒட்டியிருந்த தாளை விரலால் துடைத்தாள். எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று அச்சடித்த தாள்.

"கடைசி வரியைப் படிங்க."

"மாஸ்டர், தோள் வலிக்குது."

"படிங்க."

"நூத்தி முப்பத்தஞ்சு கிலோ" என்றார் குழந்தைவேலு.

அவள் பம்பை மாட்டி, நூற்றிருபத்தாறுக்கு உண்டான காற்றை அடைத்தாள். பதினைந்து இருபது அழுத்துதான், அதற்கு மேல் இல்லை. வளையத்தைக் கீழே தள்ளி வைத்தாள். சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க."

அவர் மூட்டையோடு உட்கார்ந்தார். ஃபோர்க் அமுங்கியது, நின்றது. மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு இறங்கினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். வளையம் கால் பங்கில் நின்றது. ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

"இதே ஃபோர்க்தானா?" என்றாள் ரெஜினா.

"இதேதான்."

"தடிச்ச குழாய் ஏதும் மாட்டினேனா?"

"இல்ல மாஸ்டர்."

குழந்தைவேலுவின் கட்டைவிரல் தானாக வளையத்திடம் போனது. தொட்டுவிட்டு, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"சைக்கிள் திரும்பி வந்த அன்னைக்கே காத்தை அளந்தேன். வளையத்துக்குப் பக்கத்துல உங்க கிரீஸ் ரேகையும் இருந்துச்சு."

"அப்ப நாலு மாசமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

ரெஜினா பம்பைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் திரும்பவில்லை.

"தராசுக்கு வேலை வந்திருக்குன்னு சொன்னப்ப நானும் சிரிச்சேண்ணே."

குழந்தைவேலு தராசு மேடையில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். முள் எழுபத்தொன்றுக்குப் போய் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பதினெட்டு. பஸ் ஸ்டாண்டுக்கு இறக்கம்தான், சைக்கிளில் போனால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ரெஜினா சைக்கிளைத் திருப்பி வாசல் பக்கமாக நிறுத்தினாள்.

"போயி என்னன்னு சொல்றது மாஸ்டர்? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

அவள் சிலேட்டை ஆணியிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அவர்கிட்ட ஒரு 'பரவால்லீங்க' குடுத்தீங்களே, முதல்ல அதைப் போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. ஃபோர்க்கை அப்புறம் சொல்றேன்."